ரீபூட்டுக்குப் பிறகும் நிற்குமா? சோலாரிஸ் சிபியு தொகுப்புகளைச் சேமிப்பது பற்றி

சர்வர் இப்போது ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டால் எந்த அட்மினும் பட்டென்று பதில் சொல்லிவிடுவார். இன்றைக்கு ராத்திரி ரீபூட் செய்தால் நாளைக் காலையிலும் இப்படியே ஓடுமா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிலை வேறு, எழுதி வைத்திருக்கும் நிலை வேறு. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று எந்த இயங்குதளமும் வாக்குக் கொடுப்பதில்லை.

இதைச் சொல்ல சோலாரிஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதில் ப்ராசசர்களைப் பங்கு போட்டுத் தொகுப்புகளாக வைக்கும் வசதி இருக்கிறது. ரிசோர்ஸ் பூல்ஸ் என்பார்கள். அந்த அமைப்பைச் சேமிக்க ஒரே ஒரு எழுத்து போதும். அந்த ஒரு எழுத்தைச் சுற்றித்தான் இந்தப் பதிவு.

முன்கூட்டியே ஒன்று: கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். சோலாரிஸ் பக்கமே போகாதவர்களும் படிக்கலாம். கடைசியில் லினக்ஸுக்கும் வருவேன்.

எதற்காக இந்தப் பங்கீடு?

ஒரு பெரிய இயந்திரம். அதில் டேட்டாபேஸும் ஓடுகிறது, ராத்திரி நேர பேட்ச் வேலையும் ஓடுகிறது. பேட்ச் தொடங்கியதும் கையில் கிடைத்த சிபியு எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். டேட்டாபேஸ் மூச்சு வாங்கும். இதைத் தடுக்க சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சோலாரிஸ் 2.6 காலத்திலேயே ஒரு வழி கொடுத்தது. பிஎஸ்ஆர்செட் என்ற கட்டளையால் சில சிபியுக்களைப் பிரித்து ஒரு ப்ராசசர் செட் ஆக்கலாம், அதற்குள் ஒரு ப்ராசஸைக் கட்டிப்போடலாம். நல்ல வசதிதான். ஆனால் ரீபூட் ஆனால் எல்லாம் போய்விடும். பூட் ஆகும்போது ஓடும் ஆர்சி ஸ்கிரிப்ட் ஒன்றில் அதே கட்டளைகளை எழுதி வைத்துத்தான் மக்கள் காலம் தள்ளினார்கள்.

2002இல் வந்த சோலாரிஸ் 9 இதற்குப் பதிலாகத் தொகுப்புகளைக் கொண்டுவந்தது. 2005இல் வந்த சோலாரிஸ் 10, சுமையைப் பார்த்துத் தானே சிபியுவை இடம் மாற்றும் பூல்டி என்ற டீமனையும் சேர்த்தது. இதே 2005 கடைசியில்தான் சன் தன் அல்ட்ராஸ்பார்க் டி1 சிப்பையும் வெளியிட்டது. எட்டு கோர், ஒவ்வொன்றிலும் நான்கு த்ரெட். ஒரே சிப் வைத்த பெட்டியில் இயங்குதளத்தின் கண்ணுக்கு 32 சிபியு தெரிந்தது. பங்கு போட நிறையக் கிடைத்தபோது பங்கு போடும் கருவியும் கைக்கு வந்து சேர்ந்தது.

மூன்று சொற்கள் தெரிந்தால் மீதி புரிந்துவிடும். பிசெட் என்பது சிபியுக்களின் குழு. ஒரு சிபியு ஒரு நேரத்தில் ஒரு பிசெட்டில்தான் இருக்க முடியும். ஷெட்யூலிங் கிளாஸ் என்பது அந்தக் குழுவுக்குள் யாருக்கு எப்போது முறை என்று தீர்மானிக்கும் விதி. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒரு பெயர் வைத்தால் அதுதான் தொகுப்பு. இரண்டு தொகுப்புகள் ஒரே பிசெட்டைப் பகிர்ந்துகொள்ளலாம். டீஃபால்ட் தொகுப்பும் டீஃபால்ட் பிசெட்டும் எப்போதும் இருக்கும், அவற்றை அழிக்க முடியாது.

பிசெட்டை ரயிலில் ரிசர்வ்டு கோச் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். உள்ளே பெர்த் காலியாகக் கிடந்தாலும் பக்கத்துக் கோச்சில் நெரிபடுகிறவர் வந்து உட்கார முடியாது. இந்தக் கறார்தான் அதன் பலம், அதுவேதான் பலவீனம். சும்மா கிடக்கும் சிபியுவை மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று நினைத்தால் உங்களுக்கு வேண்டியது தொகுப்பு இல்லை. எஃப்எஸ்எஸ் என்ற ஃபேர் ஷேர் ஷெட்யூலர். அதில் பங்கு விகிதம் மட்டும் சொல்வோம். யாரும் கேட்காதபோது மிச்சம் அடுத்தவருக்குப் போகும். இரண்டையும் கலந்தும் வைக்கலாம். ஆனால் எஃப்எஸ்எஸ் பங்குகள் ஒரு பிசெட்டுக்குள் இருப்பவர்களுக்கு இடையில்தான் கணக்கு. அடுத்த பிசெட்டில் இருப்பவரின் பங்கு எத்தனை என்பது இங்கே செல்லாது.

இரண்டு இடங்கள், ஒரு எழுத்து

இனி விஷயத்துக்கு வருவோம். தொகுப்பு அமைப்பு இரண்டு இடத்தில் வாழ்கிறது. ஒன்று கெர்னலுக்குள்: இந்த நொடியில் நிஜமாக நடப்பது. மற்றது ஈடிசி அடைவில் இருக்கும் பூல்அட்ம் கான்ஃப் என்ற கோப்பு. தொகுப்புச் சேவை இயக்கத்தில் இருந்தால் பூட் ஆகும்போது இந்தக் கோப்பைத்தான் படித்துக் கெர்னலில் ஏற்றும்.

இந்த இரண்டுக்கும் நடுவே போக்குவரத்து நடத்துவது பூல்அட்ம் கட்டளை. அதற்குத் தெரிந்த எழுத்துகள் கொஞ்சம்தான். ‘-ஈ’ வசதியை இயக்கும். ‘-சி’ கோப்பில் உள்ளதைக் கெர்னலில் ஏற்றும். ‘-எஸ்’ கெர்னலில் உள்ளதைக் கோப்பில் எழுதும். ‘-என்’ எதையும் மாற்றாமல், இந்தக் கோப்பு இந்த இயந்திரத்தில் ஏறுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். ‘-எக்ஸ்’ நீங்கள் உருவாக்கிய எல்லாவற்றையும் கெர்னலிலிருந்து துடைத்து, சிபியுக்களை டீஃபால்ட்டுக்குத் திருப்பிவிடும். எதுவும் கொடுக்காமல் வெறுமனே அடித்தால் நடப்பு நிலவரத்தை அச்சிடும். வசதியையே இயக்காமல் அடித்தால், ஸ்டேட் கோப்பைத் திறக்க முடியவில்லை, வசதி இயக்கத்தில் இல்லை என்று திட்டும். புதிதாக வருகிறவர்கள் முதலில் பார்க்கும் செய்தி பெரும்பாலும் அதுதான்.

தொகுப்பை உருவாக்குவதும் திருத்துவதும் இன்னொரு கட்டளை, பூல்சிஎஃப்ஜி. அது எங்கே எழுதும் என்பதில்தான் முதல் குழப்பம். சும்மா கொடுத்தால் கோப்பில் எழுதும், கெர்னலுக்கு ஒன்றும் தெரியாது. ‘-டி’ சேர்த்துக் கொடுத்தால் நேரே கெர்னலில் எழுதும், கோப்புக்கு ஒன்றும் தெரியாது. முதல் வகையில் ‘-சி’ போட மறந்தவர், என்ன செய்தாலும் ஒரு மாற்றமும் தெரியவில்லையே என்று அப்போதே புலம்புவார். இரண்டாம் வகையில் ‘-எஸ்’ போட மறந்தவர் புலம்ப அடுத்த ரீபூட் வரை காத்திருக்க வேண்டும். சில சர்வர்கள் வருஷக்கணக்கில் ரீபூட் ஆகாமல் ஓடுபவை. அந்த மாற்றத்தைச் செய்தவர் அதற்குள் வேறு கம்பெனிக்கே போயிருப்பார்.

அப்படியானால் எப்போதும் ‘-எஸ்’ போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே? இல்லை. என் கட்சியே அதுதான்.

ஒரு சின்ன அமைப்பைச் செய்து பார்ப்போம்

32 சிபியு தெரியும் ஒரு டி1 பெட்டி. ராத்திரி பேட்ச் வேலைக்கு எட்டு சிபியு ஒதுக்க வேண்டும்.

முதலில் வசதியை இயக்குங்கள். பிறகு ‘-எஸ்’. இந்த முதல் ‘-எஸ்’ ரொம்ப நியாயமானது. கோப்பே இல்லாத இயந்திரத்தில், இப்போதுள்ள டீஃபால்ட் நிலையை வைத்து ஒரு கோப்பை உண்டாக்கித் தரும். பூல்சிஎஃப்ஜியின் டிஸ்கவர் கட்டளையும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்து, பூல்சிஎஃப்ஜியில் பேட்ச் என்று ஒரு பிசெட் உருவாக்கி மின் எட்டு, மேக்ஸ் எட்டு என்று கொடுங்கள். அதே பெயரில் ஒரு தொகுப்பு உருவாக்குங்கள். இரண்டையும் அசோசியேட் செய்யுங்கள். இவ்வளவும் இன்னும் கோப்பில்தான் இருக்கிறது. இப்போது ‘-என்’ உடன் ‘-சி’ கொடுத்துச் சோதனை பாருங்கள். முணுமுணுப்பு இல்லையென்றால் ‘-சி’ மட்டும் கொடுத்து ஏற்றுங்கள். பூல்ஸ்டாட் அடித்தால் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு வரி வரும்: எத்தனை சிபியு, எவ்வளவு பயன்பாடு, எவ்வளவு சுமை. பேட்ச் என்ற வரியில் அளவு 8, டீஃபால்ட் வரியில் 24 என்று நின்றால் வேலை முடிந்தது.

ஏன் எட்டு? ஆறு கொடுத்தால் ஆகாதா? ஆகும், ஆனால் டி1 சிப்பில் நான்கு த்ரெட் ஒரே கோரைப் பகிர்கின்றன. முதல் நிலை கேஷும் அவற்றுக்குப் பொதுதான். ஆறு கொடுத்தால் ஒரு கோரின் பாதி பேட்சிடமும் மறு பாதி டேட்டாபேஸிடமும் போய்ச் சேரும். காகிதத்தில் பிரித்தாயிற்று, சிலிக்கானில் பிரியவில்லை. அடுத்து வந்த டி2 சிப்பில் கோருக்கு எட்டு த்ரெட். பிஎஸ்ஆர்இன்ஃபோவை ‘-பிவி’ என்று கேட்டு எந்த எண்கள் எந்தச் சிப்பில் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு, கோர் எல்லையில் வெட்டுங்கள். குறிப்பிட்ட சிபியுதான் வேண்டும் என்றால் பூல்சிஎஃப்ஜியின் டிரான்ஸ்ஃபர் கட்டளையால் எண்ணைச் சொல்லியே இடம் மாற்றலாம்.

கோப்பில் எது போகிறது, எது போவதில்லை

அந்தக் கோப்பை ஒரு தடவை திறந்து பாருங்கள். எக்ஸ்எம்எல். மேலே சிஸ்டம் என்ற பெரிய உறுப்பு, அதில் இயந்திரத்தின் பெயர். அதற்குள் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு உறுப்பு, ஒவ்வொரு பிசெட்டுக்கும் ஒரு உறுப்பு. பிசெட்டுக்குள் மின், மேக்ஸ் எண்கள், அதன் கீழே சிபியுக்கள் ஒவ்வொன்றும் தன் எண்ணோடு, ஆன்லைனா இல்லையா என்ற குறிப்போடு வரிசையாக. படிக்க எளிது என்பதால் விஐயில் திறந்து கையாலேயே திருத்தத் தோன்றும். வேண்டாம். பூல்சிஎஃப்ஜி வழியாகத்தான் திருத்த வேண்டும் என்று ஆவணமும் சொல்கிறது.

இப்போது அந்தக் கோப்பில் இல்லாதவற்றைப் பாருங்கள். எந்த ப்ராசஸ் எந்தத் தொகுப்பில் ஓட வேண்டும் என்பது அதில் இல்லை. பூல்பைண்ட் கட்டளையால் ஒரு ப்ராசஸை ஒரு தொகுப்பில் கட்டினால், அந்தக் கட்டு அந்த ப்ராசஸோடும் அதன் பிள்ளைகளோடும்தான் இருக்கும். ப்ராசஸ் செத்தால் கட்டும் போயிற்று. ‘-எஸ்’ போட்டுவிட்டேன், ரீபூட்டுக்குப் பிறகு தொகுப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் பேட்ச் வேலை டீஃபால்ட்டில் ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால் காரணம் இதுதான். கோச் இருக்கிறது, பயணிக்கு டிக்கெட் எழுதவில்லை.

அந்த டிக்கெட்டை எழுதும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஈடிசியில் உள்ள ப்ராஜெக்ட் கோப்பு. அதில் ப்ராஜெக்ட் டாட் பூல் என்ற பண்பில் தொகுப்பின் பெயரை எழுதினால், அந்த ப்ராஜெக்டில் தொடங்கும் வேலை எல்லாம் அங்கே போய்ச் சேரும். மற்றது, சோன் என்ற தனிச் சூழலின் அமைப்பு. சோன்சிஎஃப்ஜியில் பூல் என்ற பண்பைக் கொடுத்தால் சோன் முழுவதும் அந்தத் தொகுப்பில் எழும்.

இங்கே ஒரு பொறி உண்டு. சிஸ்டம் உறுப்பில் பைண்ட் டீஃபால்ட் என்று ஒரு பண்பு இருக்கிறது. அது ட்ரூ என்றிருந்தால், நீங்கள் சொன்ன தொகுப்பு கிடைக்காதபோது ப்ராசஸை டீஃபால்ட் தொகுப்பில் சேர்த்துவிடும். நல்ல எண்ணம்தான், வேலை நிற்காது. ஆனால் ப்ராஜெக்ட் கோப்பில் தொகுப்பின் பெயரை ஒரு எழுத்து தப்பாக அடித்திருந்தாலும் சத்தமில்லாமல் இதேதான் நடக்கும். சோனும் அப்படித்தான்: தொகுப்பு கிடைக்கவில்லை, டீஃபால்ட்டில் போகிறேன் என்று ஒரு எச்சரிக்கை வரியை உதிர்த்துவிட்டு எழுந்துவிடும். பூட் நேரத்து வரிகளை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தொகுப்பு இயக்கத்தில் இருக்கும்போது, தொகுப்பில் கட்டிய சோனுக்குள் போய் பிஎஸ்ஆர்இன்ஃபோ அடித்தால் அதன் பிசெட்டில் உள்ள சிபியுக்கள் மட்டுமே தெரியும். எட்டு தெரிய வேண்டிய இடத்தில் 24 அல்லது 32 தெரிந்தால் கட்டு அவிழ்ந்திருக்கிறது. இது எண்ணிக்கைப் பிரச்சினை மட்டுமில்லை. ஜாவா மெய்நிகர் இயந்திரம் எழும்போது கண்ணில் படும் சிபியு எண்ணிக்கையை வைத்துத்தான் குப்பை சேகரிக்கும் த்ரெட்கள் எத்தனை என்று முடிவு செய்யும். 32ஐப் பார்த்து எழுந்துவிட்ட ஒன்றை, பிறகு எட்டு சிபியுக்குள் தள்ளினாலும் த்ரெட்கள் குறையாது. எட்டு பேர் நிற்கும் இடத்தில் அவை முட்டி மோதிக்கொண்டிருக்கும். ஆகவே கட்டு சரியாக இருக்க வேண்டிய நேரம் பூட் நேரம். காலையில் வந்து சரிசெய்வது அரைகுறை வைத்தியம்தான், அப்ளிகேஷனையும் கூடவே ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும்.

பூல்டி ஓடும்போது எதைச் சேமிக்கிறீர்கள்?

பூல்டி என்ற டீமனைப் பற்றிச் சொன்னேன். அது கொடுத்த இலக்குகளை வைத்துக்கொண்டு, இயல்பாக 15 விநாடிக்கு ஒரு முறை நிலவரம் பார்க்கும். பயன்பாடு 30 சதவீதத்துக்கு மேல், 80 சதவீதத்துக்குக் கீழ் இருக்கட்டும் என்று ஒரு பிசெட்டுக்குச் சொல்லலாம். சிபியுக்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கட்டும் என்றும் சொல்லலாம். இலக்கு தப்பினால், மின், மேக்ஸ் எல்லைக்குள் ஒரு பிசெட்டிலிருந்து மற்றதுக்கு சிபியுவை மாற்றும். என்ன செய்தது என்பதை வார் அடைவில் லாக் பூல் பூல்டி என்ற கோப்பில் எழுதி வைக்கும். எந்த சிபியுவை நகர்த்தக் கூடாதோ அதற்கு பின்டு என்ற பண்பைக் கொடுத்துவிடலாம்.

பேட்ச் பிசெட்டுக்கு எட்டு, எட்டுக்குப் பதில் மின் நான்கு, மேக்ஸ் பன்னிரண்டு என்று கொடுத்து இப்படி ஓடவிட்ட இயந்திரத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு ‘-எஸ்’ போட்டால் என்ன எழுதப்படும்? அந்த நொடியின் நிலவரம். பேட்ச் உச்சத்தில் இருக்கும்போது அது பன்னிரண்டு சிபியுவோடு இருக்கும். மத்தியானம் போட்டிருந்தால் நான்கோடு இருந்திருக்கும். இரண்டுமே உங்கள் நோக்கம் இல்லை. நீங்கள் சொன்னது நான்கு முதல் பன்னிரண்டு வரை என்ற எல்லை. அந்த எல்லையும், தொகுப்புக்குக் கொடுக்கும் முக்கியத்துவ எண்ணும்தான் பூட்டில் பங்கீட்டை முடிவு செய்கின்றன. கோப்பிலுள்ள அளவைப் பார்த்து, ரீபூட்டுக்குப் பின் கட்டாயம் பன்னிரண்டு வரும் என்று நம்பக் கூடாது. மாறாத எண்ணிக்கை வேண்டுமென்றால் மின், மேக்ஸ் இரண்டையும் சமமாக வையுங்கள். மேலே எட்டு, எட்டு என்று கொடுத்தது அதற்காகத்தான்.

திசையைக் கவனியுங்கள்

‘-எஸ்’ பற்றிய என் தயக்கத்துக்கு இன்னும் பெரிய காரணம் இருக்கிறது. அது கோப்பில் ஏற்கெனவே இருந்ததை மேலெழுதும். சனிக்கிழமை மெயின்டனன்ஸுக்காக ஒருவர் வியாழக்கிழமையே கோப்பில் மாற்றங்களைச் செய்து ‘-என்’ போட்டுச் சரிபார்த்து வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ஷிப்டில் இன்னொருவர், ஒரு அவசரத்துக்கு ‘-டி’ போட்டுக் கெர்னலில் இரண்டு சிபியுவை இடம் மாற்றுகிறார். நல்ல பிள்ளையாக ‘-எஸ்’ஸும் போடுகிறார். வியாழக்கிழமை வேலை காலி. இவர் ‘-எஸ்’ போடாமல் விட்டு, சனிக்கிழமை முதலாமவர் ‘-சி’ போட்டால் வெள்ளிக்கிழமை வேலை காலி. இருவருமே தத்தம் கட்டளையைச் சரியாகத்தான் அடித்தார்கள். எந்தப் பக்கம் மூலம், எந்தப் பக்கம் நகல் என்று அந்த டீம் முடிவு செய்துவைக்கவில்லை, அவ்வளவுதான்.

“அண்ணா, வேலை முடிஞ்சதும் எஸ் போட்டுடணும்னு நோட்ல எழுதி வெச்சுக்கிட்டேன், சரிதானே?” என்று டீமுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டார்.

“எந்தக் கோப்புல போடுவே?”

“அதுக்கு வேற கோப்பு இருக்கா?”

இருக்கிறது. ‘-எஸ்’ஸுக்குப் பின்னால் ஒரு கோப்புப் பெயரைக் கொடுக்கலாம். கொடுத்தால் அங்கே எழுதும், கொடுக்காவிட்டால்தான் ஈடிசியில் உள்ளதன் மேல் எழுதும். தேதி போட்ட பெயரில் வேறு இடத்தில் எழுதி, டிஃப் கொடுத்து ஈடிசி கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். கெர்னலும் கோப்பும் எங்கே விலகியிருக்கின்றன என்று அது காட்டிவிடும். ‘-எஸ்’ஸின் மிக நல்ல உபயோகம் இந்த விசாரணைதான் என்பேன்.

மூலம் எங்கே இருக்க வேண்டும்? பூல்சிஎஃப்ஜி ‘-எஃப்’ என்று கொடுத்து, கட்டளைகள் எழுதிய ஒரு கோப்பை வாசிக்கச் சொல்லலாம். பிசெட் இது, மின் இவ்வளவு, தொகுப்பு இது, இதோடு இது சேரட்டும் என்று பத்துப் பதினைந்து வரி. மனிதன் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி இருக்கும். யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்ற வரலாற்றோடு கிட்டில் வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்எம்எல் கோப்பு அதிலிருந்து பிறக்கட்டும், கெர்னல் எக்ஸ்எம்எல்லிலிருந்து ஏறட்டும். அவசரத்தில் கெர்னலில் கை வைத்தால், அமளி அடங்கியதும் அந்த மாற்றத்தைக் கட்டளைக் கோப்புக்கு எடுத்துக்கொண்டு போங்கள். ‘-எஸ்’ போட்டுக் குறுக்கு வழியில் போகாதீர்கள்.

‘-எக்ஸ்’ போட்டுக் கெர்னலைத் துடைத்த பிறகு பழக்க தோஷத்தில் ‘-எஸ்’ போட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காலி நிலையைக் கவனமாகக் கோப்பில் எழுதிக் கொடுக்கும்.

சேமித்தும் ஏறாமல் போவது

கோப்பு சரியாக இருந்தும் பூட்டில் ஏறாமல் போகலாம். இயந்திரம் மாறியிருந்தால் போதும். லாஜிக்கல் டொமைன் என்ற மெய்நிகர் இயந்திரத்துக்குக் கொடுத்திருந்த சிபியுக்களை யாரோ 32லிருந்து 16ஆகக் குறைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். உங்கள் பிசெட்களின் மின் எல்லாம் கூட்டினால் இருபது. இருப்பதே பதினாறு. எப்படி ஏறும்? ஒரு பெட்டியின் கோப்பைச் சிறிய பெட்டிக்கு அப்படியே காப்பி செய்தாலும் இதே கதைதான். அதனால் மின்னை உங்களுக்கு வேண்டிய அளவில் வைக்காதீர்கள், இதற்குக் கீழே போனால் வேலையே நடக்காது என்கிற அளவில் வையுங்கள். மாறாத எண்ணிக்கை கேட்கும் பிசெட்கள் ஒன்றிரண்டோடு நிற்கட்டும். வன்பொருளில் யார் கை வைத்தாலும், ரீபூட்டுக்கு முன் ‘-என்’ ஒரு முறை ஓடட்டும்.

இது வேகத்துக்கான கவலை மட்டும் இல்லை. ஆரக்கிள் டேட்டாபேஸ் லைசன்ஸ் ப்ராசசர் கணக்கில் வாங்குபவர்களுக்கு, எல்லை கட்டிய சோலாரிஸ் சோன்களை ஆரக்கிள் தன் பிரிவினைக் கொள்கையில் கடினப் பிரிவினையாக ஏற்றிருக்கிறது. பெட்டி முழுவதுக்கும் பணம் கட்டாமல், ஒதுக்கிய சிபியுக்களுக்கு மட்டும் கட்டலாம். அப்படிப்பட்ட சோன் ஒரு ரீபூட்டில் சத்தமில்லாமல் டீஃபால்ட்டுக்கு நழுவி 32 சிபியுவிலும் ஓடிக்கொண்டிருந்தால், ஆடிட் வருகிறவர் கேட்கும் கேள்வி சிபியு சுமை பற்றியதாக இருக்காது.

சோனுக்கு மட்டும்தான் ஒதுக்க வேண்டும் என்றால் சுலப வழி ஒன்று 2007 ஆகஸ்ட் வெளியீட்டில் வந்தது: டெடிகேட்டட் சிபியு. சோன் அமைப்பிலேயே நான்கு சிபியு அல்லது நான்கு முதல் எட்டு என்று எழுதிவிடலாம். சோன் எழும்போது ஒரு தற்காலிகத் தொகுப்பு தானே உருவாகும், சோன் நின்றதும் தானே கலையும். அந்தத் தொகுப்பின் பெயர் சன்டபிள்யூ டிஎம்பி என்று தொடங்கும். தற்காலிகம் என்ற முத்திரை இருப்பதால் ‘-எஸ்’ போட்டாலும் அது கோப்புக்குப் போகாது. போகவும் தேவையில்லை, நோக்கம் சோன் அமைப்பில் எழுதியிருக்கிறதே. ஆனால் ஒரே சோனில் இதையும் பூல் பண்பையும் சேர்த்து வைக்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சோலாரிஸோடு முடிகிற கதையா?

2010இல் சன் ஆரக்கிள் கைக்குப் போனது. அதே ஆண்டு ஓப்பன்சோலாரிஸிலிருந்து இல்லுமோஸ் கிளைத்தது. இரண்டு பக்கமும் இந்தத் தொகுப்புகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் இதைப் படிக்கிறவர்களில் பலர் லினக்ஸ் ஆட்கள் என்று தெரியும். உங்களுக்கும் இதே இரண்டு இடம்தான். டாஸ்க்செட் போட்டு ஒரு ப்ராசஸைக் கட்டினால் அது அந்த ப்ராசஸோடு போகும். சிஸ்டம்டியில் செட் ப்ராப்பர்ட்டி கொடுத்து அலவ்ட் சிபியுஸ் வைத்தால் இயல்பாகவே நிலைக்கும், ரன்டைம் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அடுத்த பூட் வரைதான். சிஸ்சிடிஎல் ‘-டபிள்யூ’ கெர்னலை மட்டும் மாற்றும், கோப்பில் எழுதினால்தான் தங்கும். நெட்வொர்க் ஆட்களுக்கு ரன்னிங் கான்ஃபிக், ஸ்டார்ட்டப் கான்ஃபிக் என்று தினம் தினம் இதே பாடம். கட்டளைப் பெயர்கள் மாறும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எது மூலம்?

என் தீர்ப்பு இது. சேமித்துவிட்டோம் என்பதை ரீபூட் செய்து பார்த்தால்தான் நம்ப வேண்டும். அடுத்த மெயின்டனன்ஸ் இரவில் உங்கள் சர்வரைத் திட்டமிட்டு ஒரு முறை ரீபூட் செய்யுங்கள். எழுந்ததும் பூல்அட்ம் அடித்துத் தொகுப்புகளைப் பாருங்கள், முக்கியமான ப்ராசஸ்களுக்கு பூல்பைண்ட் ‘-க்யூ’ கொடுத்து எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள், சோனுக்குள் போய் சிபியுவை எண்ணுங்கள். மூன்றும் கட்டளைக் கோப்பு, ப்ராஜெக்ட் கோப்பு, சோன் அமைப்பு ஆகியவற்றில் நீங்கள் எழுதி வைத்ததோடு பொருந்தினால் நிம்மதியாகத் தூங்கலாம். பொருந்தாவிட்டால், அதை மின்வெட்டு வந்து காட்டிக்கொடுப்பதற்கு முன்னால் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் டீமில் ‘-எஸ்’ யார் போடலாம், எங்கே போடலாம் என்று விதி ஏதாவது இருந்தால் கமென்டில் எழுதுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே ஒன்று எழுதி வையுங்கள்.